தொட்டிக்கரியும் சாயநீரும்: திருப்பூரிலிருந்து சென்னிமலை வரை

முதல் நாள்: திருப்பூர்

பயிர்க்கழிவிலிருந்து கரி செய்து, அதைக்கொண்டு சாயநீரைத் தெளியவைக்கலாம் என்று கூறும் ஆய்வுக் கட்டுரைகளுக்குக் கணக்கில்லை. தேங்காய்த் தொட்டி (கொட்டாங்குச்சி), தென்னை நார்க்கழிவு, கடலைத்தோல், நெல் உமி, பருத்திமார், கரும்புச் சக்கை, புளியங்கொட்டை என்று வயலிலும் ஆலையிலும் மிஞ்சும் பொருள்கள் எல்லாவற்றையும் ஆய்வாளர்கள் கரியாக்கிப் பார்த்துவிட்டார்கள். அக்கட்டுரைகளில் பெரும்பாலானவை நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் நிறம் நீங்கியது என்றே முடிகின்றன. சாயப்பட்டறைகள் நிறைந்த திருப்பூருக்கும் தொட்டிக்கரிக்குப் பெயர்பெற்ற காங்கேயத்துக்கும் இடையே முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. அப்படியிருந்தும் ஓர் ஊரின் கழிவு அடுத்த ஊரின் கழிவைத் தீர்க்கும் நிலை ஏன் வரவில்லை என்பதை நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ளவே இந்தப் பயணம். அன்றன்று பார்த்ததை அன்றிரவே எழுதிப் பதிவிடுகிறேன்.

காலையில் ஒரு சாயப்பட்டறைக்குள் அனுமதி கிடைத்தது. பின்னலாடைத் துணிக்குச் சாயமேற்றும் சாப்ட் ஃப்ளோ இயந்திரங்கள் வரிசையாக நின்றன. ஒன்றில் அடர்சிவப்பு ஓடிக்கொண்டிருந்தது. இயந்திரத்தின் பக்கத்தில் சாய மூட்டைகளைவிட உப்பு மூட்டைகளே அதிகமாக அடுக்கப்பட்டிருந்ததுதான் முதலில் என் கண்ணில் பட்டது. பருத்தி நூல் தண்ணீரில் நனைந்தால் அதன் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் பெறுகிறது. பருத்திக்குப் பயன்படும் ரியாக்டிவ் சாயமும் எதிர்மின்னூட்டம் உடையது. ஒன்றையொன்று விலக்கும் இவ்விரண்டையும் நெருங்கவைக்க உப்பு வேண்டும். சாதாரண உப்போ கிளாபர் சால்ட் எனப்படும் சோடியம் சல்பேட்டோ, அடர்நிறமானால் லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை போடுகிறார்கள். 500 கிலோ துணியை 3,000 லிட்டர் நீரில் ஓட்டும் ஓர் இயந்திரத்துக்கு லிட்டருக்கு 70 கிராம் என்று கணக்கிட்டால், ஒரே ஓட்டத்துக்கு 210 கிலோ உப்பு ஆகிறது. அதில் ஒரு கிராம்கூடத் துணியில் தங்குவதில்லை. வேலை முடிந்ததும் அத்தனையும் தண்ணீரோடு வெளியேறுகிறது.

"உப்புக் கொறைச்சா சாயம் ஏறாதுங்க. ஏறாத சாயமும் தண்ணிலதான போகோணும்" என்றார் சாய மாஸ்டர். அவர் கூறியதில் நியாயம் இருக்கிறது. உப்புச் சேர்த்துச் சாயத்தைத் துணிக்கு அருகில் கொண்டுவந்த பிறகு, சோடா ஆஷ் என்ற காரப்பொருளைக் கொட்டி 60 பாகை வெப்பத்தில் வைக்கும்போதுதான் சாயம் நூலோடு வேதிப்பிணைப்பால் இணைகிறது. அதே சமயத்தில் சாயத்தின் ஒரு பகுதி நூலோடு சேராமல் தண்ணீரோடு வினைபுரிந்துவிடுகிறது. அப்படிக் கெட்டுப்போன சாயம் இனி எந்த நூலிலும் ஒட்டாது. சாயத்தின் வகையையும் நிறத்தின் அடர்த்தியையும் பொறுத்து, போட்டதில் 60 முதல் 80 விழுக்காடுதான் துணியில் நிலைக்கிறது என்பது இத்தொழிலில் எல்லோரும் அறிந்த கணக்கு. எஞ்சியது முதல் தொட்டி நீரிலும், அதன்பின் வரும் சோப்பு அலசல்களிலும் கலந்து போகிறது.

ஓட்டம் முடிந்து வடிகால் திறக்கப்பட்டபோது அருகில் நின்று பார்த்தேன். ஆவி பறக்க, கருஞ்சிவப்பாக, கை வைக்க முடியாத சூட்டில் பாய்ந்த அந்த நீர் ஓடையின் சுவரில் பட்ட இடமெல்லாம் உடனே உலர்ந்து, வெண்மையும் சிவப்பும் கலந்த பொருக்காகப் படிந்தது. நகத்தால் சுரண்டியபோது பொருக்கு மாவாக உதிர்ந்தது. அதில் பெரும்பகுதி உப்பு.

இரண்டாம் நாள்: பொது சுத்திகரிப்பு நிலையம்

திருப்பூரின் கழிவுநீர் வரலாற்றில் மறக்கக்கூடாத நாள் 2011 ஜனவரி 28. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் (ஆற்றுநீரை நம்பிய பாசன விவசாயிகள்) நடத்திய நெடிய வழக்கின் இறுதிக் கட்டத்தில், சாயக்கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் அன்று உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே வீச்சில் நின்றன. அதற்கு முன்பே, 2009-இல் உச்ச நீதிமன்றம் இதே நிலையை எட்ட மூன்று மாத அவகாசம் கொடுத்திருந்தது. பின்னர் ஒவ்வொரு நிலையமாகத் தரத்தை நிரூபித்துத் திறக்கப்பட்டபோது, நீரைத் தெளியவைத்து ஆற்றில் விடும் பழைய முறை போய், நீரையும் உப்பையும் பிரித்து மீண்டும் பட்டறைகளுக்கே அனுப்பும் முறை வந்தது.

இன்று நான் பார்த்த நிலையத்தில் கழிவுநீர் முதலில் பெரிய தொட்டியில் கலந்து சமன்படுகிறது. பிறகு காற்றூட்டிய தொட்டிகளில் நுண்ணுயிரிகள் கரிமப் பொருள்களைத் தின்கின்றன. அதன்பின் நிறநீக்கம், வடிகட்டல், ஆர்.ஓ. சவ்வுகள் என்று செல்கிறது. சவ்வைத் தாண்டிய நல்ல நீர் பட்டறைக்குத் திரும்புகிறது. தாண்டாத உப்புநீர் ஆவியாக்கிகளில் செறிவூட்டப்படுகிறது. அதில் ஒரு பகுதி உப்புக்கரைசலாகவே பட்டறைகளுக்குப் போகிறது. மொத்தத்தில் நீரில் 90 விழுக்காட்டுக்கு மேல் மீட்கப்படுகிறது. இது எளிய சாதனை இல்லை. இவ்வளவு பெரிய தொழில்நகரம் இந்த முறைக்கு மாறியதை நான் மனமார மதிக்கிறேன்.

கிளர்வூட்டிய கரி, அதாவது நுண்துளைகள் பெருகும்படி பக்குவப்படுத்திய கரி, இங்கே எங்கே இருக்கிறது என்று கேட்டேன். சவ்வுக்கு முன்னால் இருந்த உருளைகளைக் காட்டினார் பொறியாளர். நீரில் எஞ்சிய குளோரினையும் சிறிதளவு கரிமப் பொருளையும் பிடிப்பதற்காகவே அவை இருக்கின்றன. குளோரின் தப்பிச் சென்றால் பாலிஅமைடு சவ்வு அரித்துப்போகும். "முழு நிறத்தையும் கரியே எடுக்கட்டும்னு விட்டா, எங்களுக்குக் கரி வாங்கறதும் அள்ளறதும்தான் வேலையா இருக்கும் சார்" என்றார். அந்தப் பேச்சினூடே அவர் சொன்ன இன்னொன்றையும் குறித்துக்கொண்டேன். திரும்ப அனுப்பும் உப்புநீரில் லேசான மஞ்சளோ பழுப்போ தங்கிவிட்டால், வெளிர்நிறத் துணிக்குச் சாயமேற்றுபவர்கள் அதை வாங்கத் தயங்குகிறார்கள். புறப்படும்போது, அனுமதி கேட்டு, நுண்ணுயிர்த் தொட்டியைத் தாண்டிய நீரில் ஒரு கேன் வாங்கிக்கொண்டேன். அது தெளிந்த ஊதா நிறத்தில் இருந்தது.

மூன்றாம் நாள்: காங்கேயம்

காங்கேயத்தைச் சுற்றித் தேங்காய் உலர்களங்கள் கண்ணுக்கு எட்டும் தூரம் வரை வெள்ளையாக விரிந்திருந்தன. உடைத்த தேங்காய் வெயிலில் காய்ந்து பருப்புத் தனியே கழன்றதும், தொட்டி மலைபோல் ஒருபக்கம் குவிகிறது. கொப்பரைக்கும் எண்ணெய்க்கும் நடக்கும் இந்த வணிகத்தில் ஒருகாலத்தில் அடுப்பெரிக்க மட்டும் போன தொட்டிக்கு இன்று தனிச் சந்தை இருக்கிறது.

தொட்டியின் சிறப்பு அதன் கடினத்தில் இருக்கிறது. தாவரத்துக்கு உறுதி தரும் லிக்னின் அதில் மரத்தைவிட மிகுதி. சாம்பல் மிகக் குறைவு. நெல் உமியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சாம்பல் எஞ்சும். அதில் பெரும்பகுதி சிலிக்கா. கரியின் துளைகளைப் பெருக்க அது உதவாது. தொட்டியில் அந்தச் சிக்கல் இல்லை.

முதற்கட்டம் கரி சுடுதல். நிலத்தில் வெட்டிய குழியில் தொட்டியை நிரப்பித் தீ மூட்டி, பிடித்த பிறகு காற்றுப் புகாமல் மூடி, உள்ளேயே வேகவிடும் பழைய முறையை இன்னும் சில இடங்களில் பின்பற்றுகிறார்கள். பத்துப் பங்கு தொட்டிக்கு மூன்று பங்கு கரி கிடைக்கிறது. மீதி ஏழு பங்கில் தாராக மாறும் பொருளும் அமில ஆவியும் புகையாகச் சுற்றுப்புறத்துக்குப் போகின்றன. குழியை அணைக்க ஊற்றும் தண்ணீர் பீனால் கலந்த பழுப்பு நீராக மண்ணில் இறங்குகிறது. கிணற்று நீர் நிறம் மாறிவிட்டது, குடிக்க முடியவில்லை என்று இவ்வட்டாரத்துக் கிராம மக்கள் பலமுறை போராடியிருக்கிறார்கள். ஓர் ஊரின் நீரைத் தூய்மை செய்யும் பொருளுக்காக இன்னோர் ஊரின் கிணறு கெடுவது எந்த வகையிலும் ஏற்கத்தக்கது அன்று. மூடிய உலைகளில், வெளிவரும் வாயுவை அந்த உலைக்கே எரிபொருளாகத் திருப்பிவிட்டுக் கரி சுடும் முறை இருக்கிறது. பயிர்க்கழிவுக் கரியைப் பசுமைத் தொழில்நுட்பம் என்று எழுதுபவர்கள் அந்தக் கரி எந்த உலையில் வெந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

நான் போன ஆலையில் கரியை வெளியிலிருந்து வாங்கி, இரண்டாம் கட்டமான கிளர்வூட்டலை மட்டும் செய்கிறார்கள். சற்றே சாய்ந்தபடி மெல்லச் சுழலும் நீண்ட இரும்பு உருளை, உள்ளே தீச்செங்கல். அதன் ஒரு முனையில் கரித்துண்டுகள் விழுகின்றன. 900 பாகைக்கு மேல் கனலும் அவற்றின்மீது நீராவி பாய்ச்சப்படுகிறது. நீராவி கரியோடு வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் வெளியேறும்போது, கரியின் உடலைத் துளைத்துக்கொண்டே போகிறது. மேற்பார்வையாளர் பார்வைத்துளையின் மூடியைத் தள்ளினார். உள்ளே கரித்துண்டுகள் கறுப்பாக இல்லை. ஆரஞ்சு நிறத்தில், ஒளி ஊடுருவுவதுபோல் உருண்டுகொண்டிருந்தன. மூன்று டன் தொட்டிக்கரி உள்ளே போனால் ஏறத்தாழ ஒரு டன் கிளர்வூட்டிய கரி வெளியே வரும். ஆக, ஒரு டன்னுக்குப் பத்து டன் தொட்டி வேண்டும்.

இழந்த எடைக்கு ஈடாகக் கிடைப்பது பரப்பு. நல்ல தொட்டிக்கரியில் ஒரு கிராமின் உட்பரப்பை விரித்தால் கால் ஏக்கரைத் தாண்டும். 1785-இல் லோவிட்ஸ் என்ற வேதியியலாளர் ரஷ்யாவில் டார்டாரிக் அமிலக் கரைசலின் பழுப்பு நிறத்தைக் கரித்தூள் நீக்குவதைக் கண்டபோது கரிக்கு இப்படி ஓர் உட்பரப்பு உண்டு என்பது எவருக்கும் தெரியாது. முதல் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிகளில் தொட்டிக்கரி நிரப்பப்பட்ட பிறகே அதன் மதிப்பு உலகுக்கு விளங்கியது.

ஆலையின் ஆய்வுக்கூடத்தில் இருந்த பெண் வேதியியலாளர் அயோடின் எண் பார்ப்பதை முழுதும் காட்டினார். எடைபோட்ட கரித்தூளை அமிலத்தில் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அயோடின் கரைசலை ஊற்றிக் குலுக்கி வடிகட்டுகிறார்கள். வடிந்த நீரில் எஞ்சிய அயோடினைத் தயோசல்பேட் சொட்டுகளால் அளக்கிறார்கள். ஸ்டார்ச் சேர்த்ததும் கருநீலமாகும் கரைசல், ஒரு குறிப்பிட்ட சொட்டு விழுந்ததும் நிறமே இல்லாமல் போகிறது. இன்றைய மாதிரி ஒரு கிராமுக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் அயோடினைப் பிடித்திருந்தது.

"இந்தக் கரி திருப்பூர்ச் சாயத்துக்குப் போகுமா மேடம்?" என்று கேட்டேன். "கொஞ்சம்தான் போகுதுங்க சார். தங்கம் பிரிக்கிற ஆலை, குடிநீர் ஃபில்டர் இதுக்குத்தான் நிறைய. இதோட துளை சின்னது, சின்ன மூலக்கூறுதான் உள்ள போகும்" என்றார். கேள்வியோடு வந்த எனக்கு இதுவே முதல் தெளிவான விடை. தொட்டிக்கரியின் துளைகளில் மிகப்பெரும்பகுதி 2 நானோமீட்டருக்குக் குறைவானவை. அயோடினும் குளோரினும் தங்கச் சயனைடும் அவற்றில் எளிதாக நுழைகின்றன. அயோடின் எண் உயர்ந்த கரி சாயத்துக்கும் உயர்ந்ததாக இருக்கும் என்று நினைப்பது சரியாகாது.

நான்காம் நாள்: கோயம்புத்தூர்

பயிர்க்கழிவுக் கரி ஆய்வில் கோவைக்குத் தனி இடம் உண்டு. பாரதியார் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சி. நமசிவாயமும் அவருடன் பணியாற்றியவர்களும், கயிறு திரிக்கும் ஆலைகளின் பின்புறம் குவிந்து மக்காமல் கிடந்த தென்னை நார்க்கழிவைக் கரியாக்கி, காங்கோ சிவப்பு முதலிய சாயங்களை அது எவ்வாறு பிடிக்கிறது என்பதை 2000-களின் தொடக்கத்திலேயே விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார்கள். நான் இன்று சென்றது வேறொரு கல்லூரியின் வேதியியல் துறைக்கு. அங்கே ஆய்வு மாணவி ஒருவர் நார்க்கழிவு, கடலைத்தோல், பருத்திமார் ஆகிய மூன்றையும் பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கரியாக்கிக்கொண்டிருக்கிறார்.

அமிலவழிக் கிளர்வூட்டல் நீராவி வழியிலிருந்து அடிப்படையிலேயே மாறுபட்டது. அமிலம் ஊறிய கழிவை 400 முதல் 500 பாகை வரை சூடாக்கினால் போதும். அமிலம் செல்லுலோசின் இழைகளை விரித்துப் பிடித்துக்கொண்டு கரியாக இறுகச் செய்வதால் 2 நானோமீட்டருக்கு மேற்பட்ட அகலத் துளைகள் நிறைய உருவாகின்றன, விளைச்சலும் அதிகம். ஆனால் கரிக்குள் தங்கிய அமிலத்தைக் கழுவி வெளியேற்ற வேண்டும். மாணவி கரியைக் கழுவிய நீரை ஒரு வாளியில் தனியே சேர்த்துவைத்திருந்தார். கையளவு கரிக்கு ஒரு வாளி அமில நீர். சாயநீரைத் தெளியவைக்கப் புறப்பட்டு அமிலநீரை உண்டாக்குவது எவ்வளவு தூரம் சரி என்பதை அவரே எழுப்பினார். அமிலத்தை மீட்டுப் பயன்படுத்தும் வழியைத்தான் இப்போது தேடுகிறார். நார்க்கழிவில் இயல்பாகவே பொட்டாசிய, சோடிய உப்புகள் இருப்பதால், முதலிலேயே நல்ல நீரில் அலசாவிட்டால் கரியே தண்ணீரில் உப்பைக் கசியவிடும் என்பதையும் சொன்னார்.

பிறகு நான் கொண்டுவந்த கேனைத் திறந்தோம். ஒப்பீட்டுக்காக ஒரு குடுவையில் வாலைவடிநீரில் (காய்ச்சி வடித்த நீரில்) கரைத்த மெத்திலீன் நீலம் என்ற சாயத்தையும், இன்னொன்றில் திருப்பூர் நீரையும் எடுத்து, இரண்டிலும் ஒரே அளவு தொட்டிக்கரித் தூளைப் போட்டுக் குலுக்கியில் வைத்தார். மெத்திலீன் நீலம் கண்ணெதிரே வெளுத்தது. வடிகட்டியபோது குடிநீர்போல் இருந்தது. திருப்பூர் நீரில் ஊதா மங்கியது, ஆனால் போகவில்லை. நார்க்கழிவுக் கரியால் செய்தபோது சற்று மேம்பட்டது. நீரின் காரத்தன்மையை அமிலத்தால் தணித்து, பி.எச். 6-க்குக் கொண்டுவந்து, கரியின் அளவையும் பல மடங்கு கூட்டிய பிறகே ஊதா முற்றிலும் நீங்கியது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் தெளிவானது. மெத்திலீன் நீலம் சிறிய, தட்டையான, நேர்மின்னூட்டம் உடைய மூலக்கூறு. அதன் மூலக்கூறு எடை சுமார் 320. சாயப்பட்டறையில் பெருமளவு பயன்படும் ரியாக்டிவ் பிளாக் 5 சாயத்தின் எடை ஏறத்தாழ 992; அதில் எதிர்மின்னூட்டம் கொண்ட சல்போனிக், சல்பேட் தொகுதிகள் தொங்குகின்றன. மெத்திலீன் நீலம் நுழையும் துளையில் இது எளிதில் நுழையாது. காரநீரில் கரியின் மேற்பரப்பும் எதிர்மின்னூட்டம் பெறுவதால் இரண்டும் விலகுகின்றன. அமிலம் சேர்த்ததும் கரியின் மின்னூட்டம் மாறி ஈர்ப்பு உண்டாகிறது. கழிவுநீரில் இருக்கும் உப்பு இந்த இடத்தில் பகை இல்லை. சாயத்தைத் துணியிடம் நெருங்கச் செய்த அதே உப்பு, சாயத்தைக் கரியிடமும் நெருங்கச் செய்கிறது.

பருத்திக்குச் சாயமேற்றுவதில் மெத்திலீன் நீலத்துக்கு வேலையே இல்லை. அப்படியிருந்தும் பயிர்க்கழிவுக் கரி ஆய்வுகளில் பல அதை வைத்தே, அதுவும் உப்பில்லாத வாலைவடிநீரில் நடக்கிறது. எளிதில் அளக்கலாம், எளிதில் நல்ல எண் கிடைக்கும். இளம் ஆய்வாளர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு சாயக்கழிவுக்குத் தீர்வு கண்டுவிட்டோம் என்று எழுதுவது ஆற்றங்கரை மக்களுக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

கடைசியாக, நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை எடுத்து, கரி போடுவதற்கு முந்தைய ஊதா நீரிலும் கரி போட்டு வடித்த நிறமற்ற நீரிலும் மாறிமாறி நனைத்தார். ஊதா நீரில் ஆறாயிரத்தைத் தாண்டி நின்ற எண், தெளிந்த நீரில் அதைவிடக் கொஞ்சம் கூடியிருந்தது. கூடியது, நாங்கள் சேர்த்த அமிலத்தின் பங்கு. இரண்டு குடுவைகளையும் வெள்ளைத் தாளின்மேல் வைத்து நெடுநேரம் பார்த்தோம். தெளிந்த குடுவையைக் கொடுத்து "சுத்தமான தண்ணீர்" என்றால் எவரும் நம்பிவிடுவார்கள்.

இரவு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாளொன்றுக்கு 50 லட்சம் லிட்டர் வரும் ஒரு நிலையத்தில், லிட்டருக்கு 100 மில்லிகிராம் சாயம் எஞ்சியிருப்பதாகவும், ஒரு கிராம் கரி நடைமுறையில் 100 மில்லிகிராம் சாயத்தைப் பிடிப்பதாகவும் எடுத்துக்கொண்டால், தினமும் 5 டன் கரி வேண்டும். அதற்கு 50 டன் தொட்டி வேண்டும். அந்த 5 டன் கரியும் மறுநாள் சாயம் ஏறிய கழிவாக நிற்கும். நேற்று முன்தினம் பொறியாளர் சொன்னது மிகை இல்லை.

ஐந்தாம் நாள்: ஒரத்துப்பாளையம், சென்னிமலை

நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் அணை திறக்கப்பட்டது 1992-இல். பாசனத்துக்காகக் கட்டிய அணை, சில ஆண்டுகளிலேயே திருப்பூரின் சாயக்கழிவு தேங்கும் தொட்டியாக மாறியது. அதிலிருந்து திறந்த நீர் பயிரைக் கருக்கியதால், தண்ணீர் வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. அணைக்குக் கீழே தோப்பு வைத்திருக்கும் பெரியவர் ஒருவரோடு வரப்பில் உட்கார்ந்து பேசினேன். அவரிடம் என் கேள்வியைச் சொன்னபோது உடனே மறித்தார்.

"கலரு போனாப் போதும்னு ஆருங்க சொன்னது? இந்தக் கெணத்துத் தண்ணிய எறச்சுப் பாருங்க, பளிங்காட்டந்தான் இருக்கும். வாயில ஊத்துனாக் கரிக்கும். மண்ணு காஞ்சா வெளுத்துப் போவுது, நனைஞ்சாச் சேறா இறுகுது. தென்னை நிக்குது, காய் புடிக்கலீங்க."

அவர் சொன்னது மண்ணறிவியல் சொல்வதோடு அப்படியே பொருந்துகிறது. சோடியம் மிகுந்த நீர் பாயும்போது களிமண்ணின் துகள்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கால்சியத்தின் இடத்தைச் சோடியம் பிடித்துக்கொள்கிறது. துகள்கள் சிதறித் துளைகளை அடைத்து, காற்றும் நீரும் புகாத இறுகிய மண்ணாக்குகின்றன. இந்த நிலத்தைக் கெடுத்ததில் பெரும்பங்கு உப்புக்கு உரியது. சாயம் வெயில் உள்ளே இறங்குவதைத் தடுத்து நீர்வாழ் உயிர்களை வருத்தியது உண்மை. அதன் அசோ பிணைப்புகள் (இரு நைட்ரஜன் அணுக்களின் இணைப்புகள்) சிதையும்போது தீங்கான அமீன்கள் உருவாகலாம் என்பதும் உண்மை. எனினும் நிறத்தை மட்டும் நீக்கி ஆற்றில் விட்டிருந்தால் ஒரத்துப்பாளையம் தப்பியிருக்காது. கரி உப்பைத் தொடுவதில்லை.

அப்படியானால், நிறத்தை எடுத்துக்கொண்டு உப்பை அப்படியே விட்டுவிடும் ஒரு பொருள் எங்கே வேண்டும் என்றுதான் கேள்வியைத் திருப்பிக் கேட்க வேண்டும். விடையை இரண்டாம் நாளே கேட்டுவிட்டேன், புரிந்தது இன்றுதான். உப்பை மீண்டும் பயன்படுத்த நினைப்பவருக்கு, அதிலுள்ள நிறம் மட்டும் போனால் போதும். மீட்ட உப்புநீரில் தங்கும் மஞ்சளை நீக்க அகலத் துளையுள்ள கரி மிகப் பொருத்தமானது; அங்கே நிறத்தின் அளவும் குறைவு, உப்பின் செறிவு கரிக்குத் துணையாகவும் நிற்கிறது.

மாலையில் சென்னிமலைக்குப் போய்க் கைத்தறி நூலுக்குச் சாயமேற்றும் ஒருவரைச் சந்தித்தபோது இந்த எண்ணம் இன்னும் உறுதிப்பட்டது. அவர் வேட் சாயமும் ரியாக்டிவ் சாயமும் போடுகிறார். வேட் சாயம் காற்றுப் பட்டதும் நீரில் கரையாத தூளாகிவிடும். சுண்ணாம்போ படிகாரமோ போட்டால் படிந்துவிடும். அதற்குக் கரி தேவையே இல்லை. ரியாக்டிவ் சாயத்தில் அவருடைய ஒரு தொட்டிக் கணக்கைச் சேர்ந்து எழுதினோம். 25 கிலோ நூல், 500 லிட்டர் நீர், லிட்டருக்கு 50 கிராம் வீதம் 25 கிலோ கிளாபர் சால்ட், அரைக் கிலோ சாயம். முதல் நீரில் எஞ்சும் சாயத்தை 100 கிராம் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ கரித்தூளில் அந்த நிறம் அடங்கும். நூலோடு ஒட்டிப்போகும் நீர் போக, தொட்டியில் 20 கிலோவுக்கு மேல் உப்பு அப்படியே இருக்கும். அதிலுள்ள சோடா ஆஷைக் கந்தக அமிலத்தால் சமன்செய்தால் உண்டாவதும் சோடியம் சல்பேட்டே. அவர் காசு கொடுத்து வாங்கும் உப்பும் அதுதான். கார்பன் டைஆக்சைடு குமிழியிட்டுப் போய்விடும், பி.எச். 6-ஐ நெருங்கும், கரி நன்றாக வேலை செய்யவும் அந்த அளவுதான் வேண்டும். காரம் போன, நிறம் போன அந்த உப்புநீரை அடுத்த நூலுக்குத் தொடக்க நீராக ஊற்றலாம்.

இதற்கு ஒரே நிபந்தனை, முதல் நீரை அலசல் நீரோடு கலக்காமல் தனியே பிடிக்க வேண்டும் என்பது. கலந்துவிட்டால் உப்பு நீர்த்துப்போய் மீட்கும் பயன் குறையும். "தனித் தொட்டி கட்டறது பெரிய வேலை இல்லீங்கண்ணா. கறுத்துப்போன கரிய எங்க கொண்டுபோய்ப் போடறது?" என்று கேட்டார் அவர். சரியான கேள்வி. நீலப்பச்சை, கருநீலம் போன்ற சில சாயங்களில் தாமிரம் இருக்கிறது. சாயமேறிய கரியை அடுப்பிலோ குப்பைமேட்டிலோ போட்டால் நீரிலிருந்து எடுத்ததை நிலத்துக்குக் கொடுத்ததாகும். பெரிய ஆலைகள் குறுமணி போன்ற துகள்கரியை 800 பாகைக்கு மேல் சூடாக்கிப் புதுப்பிக்கின்றன. ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு பங்கு வரை இழப்பு. தூள்கரிக்கு அது ஒத்துவராது. 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி முறையாகச் சேமித்து, சிமெண்ட் உலை போன்ற உயர்வெப்ப உலைகளுக்கு அனுப்புவதே வழி.

வாரத்துக்குச் சில கிலோ கரி சேரும் ஒரு சாயக்காரர் தனியாக இதைச் செய்ய முடியாது. ஊரில் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. நூலை வாங்கிக் கொடுப்பதும் துணியைத் திரும்பப் பெறுவதும் அவற்றின் வழக்கமான வேலை. நூல் வண்டி திரும்பும்போதே மூடிய பீப்பாயில் கறுத்த கரியையும் ஏற்றிக்கொண்டால் ஓரிடத்தில் சேர்ந்துவிடும். அதற்கு அனுமதி பெற்ற கிடங்கு ஒன்றும், அதை எடுத்துச்செல்ல ஒப்புக்கொண்ட ஓர் உலையும் முதலில் வேண்டும். கரி வாங்குவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று இருவரும் முடிவுசெய்தோம். அதுவரை, கோவை மாணவிக்கு அனுப்புவதற்காக இன்றைய முதல் நீரில் ஐந்து லிட்டரைத் தனியே பிடித்து, சாயத்தின் பெயரையும் உப்பின் அளவையும் எழுதி ஒட்டிக் கொடுத்திருக்கிறார்.